கணினி நினைவக மேம்படுத்தல்

கணினி நினைவக மேம்படுத்தல் என்பது, ஒரு கணினியில் ஏற்கனவே உள்ள முதன்மை நினைவகத்துடன் (ரேம்) மேலும் ஒரு நினைவகப் பலகையைச் சேர்ப்பதையோ, உள்ளதை நீக்கிவிட்டுக் கூடிய கொள்ளளவு கொண்ட ஒன்றைப் பொருத்துவதையோ குறிக்கும். வேகம் குறைந்துவிட்ட பழைய வீட்டுக் கணினியைச் சிறு செலவில் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழிகளுள் இது பரவலாக அறியப்பட்டதாகும். எனினும் மெதுவாக இயங்கும் எல்லாக் கணினிகளுக்கும் இது தீர்வாகாது. வேகக் குறைவுக்கு நினைவகப் பற்றாக்குறையே காரணமாக இருந்து, கூட்டப்படும் நினைவகத்தைத் தாய்ப்பலகையும் இயங்குதளமும் ஏற்றுக்கொள்ளுமானால் மட்டுமே செலவிட்ட பணத்துக்குப் பயன் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

முதன்மை நினைவகத்தின் பணி

கணினியின் செயலி, தான் இயக்க வேண்டிய நிரல்களையும் தரவுகளையும் முதன்மை நினைவகத்திலிருந்தே பெறுகின்றது. வன்தட்டில் சேமிக்கப்பட்டுள்ள ஒரு மென்பொருள் திறக்கப்படும்போது, அதன் தேவையான பகுதிகள் வன்தட்டிலிருந்து முதன்மை நினைவகத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றவுடன் இந்நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும்.

முதன்மை நினைவகத்தின் வேகமும் வன்தட்டின் வேகமும் பெரிதும் வேறுபட்டவை. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோ நொடிகள் போதும். சுழலும் வன்தட்டிலிருந்து பெற ஏறத்தாழ 10 மில்லி நொடிகள் ஆகும். அதாவது வன்தட்டு ஏறக்குறைய ஒரு இலட்சம் மடங்கு மெதுவானது. நினைவகத்தில் ஒரு நொடியில் முடியும் வேலை என்று கொண்டால், வன்தட்டில் அதே வேலைக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.

பற்றாக்குறையின் விளைவு

திறந்துள்ள மென்பொருள்களுக்கு நினைவகம் போதாதபோது கணினி உடனே நின்றுவிடுவதில்லை. இயங்குதளம், அண்மையில் பயன்படாத பகுதிகளை வன்தட்டுக்கு மாற்றி இடம் ஏற்படுத்துகின்றது. இம்முறை மெய்நிகர் நினைவகம் எனப்படும். 1962 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இம்முறையைக் கையாண்ட முன்னோடிக் கணினியாகும்.

பற்றாக்குறை சிறிதாக இருந்தால் பயனர் இதனை உணர்வதில்லை. அது பெரிதாகும்போது, வெளியே அனுப்பிய பகுதியே அடுத்த நொடியில் தேவைப்படும். அதனை உள்ளே கொண்டுவர வேறொன்றை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். கணினி தன் நேரத்தின் பெரும்பகுதியை இந்த இடமாற்றத்திலேயே செலவிடும். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் 1968 இல் இந்நிலையை ஆராய்ந்து விளக்கினார். வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவதும், ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பல நொடிகள் ஆவதும் இதன் புற அடையாளங்கள் ஆகும். இந்நிலையில் உள்ள கணினிக்கு நினைவகத்தைக் கூட்டினால் மாற்றம் உடனே தெரியும். இந்நிலையில் இல்லாத கணினிக்கு எவ்வளவு கூட்டினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

இயங்குதளங்களின் வளர்ந்த தேவை

கணினி பழையதாவதால் அதன் நினைவகம் குறைவதில்லை. அதில் இயக்கப்படும் மென்பொருள்களின் தேவையே கூடுகின்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இயங்குதளங்களுக்கு அறிவித்த குறைந்தபட்ச நினைவக அளவுகள் இதனைக் காட்டும்.

• விண்டோஸ் எக்ஸ்பி (2001): 64 மெகாபைட்டு
• விண்டோஸ் விஸ்டா (2007): 512 மெகாபைட்டு
• விண்டோஸ் 7 (2009): 32 பிட்டுப் பதிப்புக்கு 1 கிகாபைட்டு, 64 பிட்டுப் பதிப்புக்கு 2 கிகாபைட்டு
• விண்டோஸ் 11 (2021): 4 கிகாபைட்டு

இருபது ஆண்டுகளில் குறைந்தபட்சத் தேவை 64 மடங்கு ஆகியுள்ளது. இவை இயங்குதளம் தொடங்குவதற்கான அளவுகளே. உலாவி, அலுவலக மென்பொருள் ஆகியவற்றை வசதியாக இயக்க இவற்றினும் கூடுதலாகத் தேவைப்படும்.

தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகள், கல்லூரிகளின் மாணவர்களுக்கான இக்கணினிகளை எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி மூலம் கொள்முதல் செய்தது. பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி இதுவே.

முதல் தொகுதிக் கணினிகள் 2 கிகாபைட்டு நினைவகமும் 320 கிகாபைட்டு வன்தட்டும் கொண்டிருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்கள் அவற்றில் நிறுவப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளமாகும். பின்வந்த தொகுதிகளில் வன்பொருளும் மென்பொருளும் மாறின. 2025 இல் கல்லூரி மாணவர்களுக்கான புதிய மடிக்கணினிகளுக்கு எல்காட் கோரிய நினைவக அளவு 8 கிகாபைட்டு ஆகும்.

நினைவக மேம்படுத்தலைப் பொறுத்தவரை, முதல் தொகுதிக் கணினிகளில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாதவாறு மைக்ரோசாப்டினால் வரையறுக்கப்பட்டது. எனவே அக்கணினியில் மேலும் 2 கிகாபைட்டைப் பொருத்தி, அதே பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு எப்பயனும் கிட்டாது. வன்பொருள் ஏற்றுக்கொண்ட நினைவகத்தை மென்பொருள் தொடாமல் விட்டுவிடும். அதே கணினியை லினக்ஸில் தொடங்கினால் இவ்வரம்பு இல்லை. கூட்டிய நினைவகம் பயனுக்கு வரும். கணினியும் பலகையும் மாறாமல், இயங்குதளத்தின் தேர்வு ஒன்றே செலவைப் பயனுள்ளதாகவோ வீணாகவோ ஆக்குகின்றது.

வாங்கும் முன் அறிய வேண்டியவை

நினைவக வகை: நினைவகப் பலகைகள் டிடிஆர் (2000), டிடிஆர்2 (2003), டிடிஆர்3 (2007), டிடிஆர்4 (2014), டிடிஆர்5 (2020) எனத் தலைமுறைகளாக வந்துள்ளன. ஒரு தலைமுறைப் பலகை மற்றொன்றின் செருகுவாயில் பொருந்தாது. மேசைக் கணினிக்கான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 தொடுமுனைகள் இருப்பினும், பலகையின் வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. மடிக்கணினிப் பலகைகள் நீளம் குறைந்தவை. டிடிஆர்3 வகையில் 204, டிடிஆர்4 வகையில் 260 தொடுமுனைகள் உள்ளன.

மின்னழுத்தம்: டிடிஆர்3 பலகைகள் 1.5 வோல்ட்டில் இயங்குபவை. டிடிஆர்3எல் எனப்படும் வகை 1.35 வோல்ட்டில் இயங்கும். சில மடிக்கணினிகள் இரண்டாவது வகையை மட்டுமே ஏற்கும்.

உச்ச வரம்பு: ஒவ்வொரு தாய்ப்பலகையும் ஒரு குறிப்பிட்ட அளவு வரையே நினைவகத்தை ஏற்கும். இவ்வளவு கணினியின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

செருகுவாய்: சில மடிக்கணினிகளில் ஒரே செருகுவாய் உண்டு. அவற்றில் பழைய பலகையை எடுத்த பின்னரே புதியதைப் பொருத்த இயலும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது.

இயங்குதளம்: 32 பிட்டு முகவரி கொண்டு 2^32, அதாவது 4,29,49,67,296 பைட்டுகளையே குறிக்க முடியும். இது 4 கிகாபைட்டு ஆகும். இதில் ஒரு பகுதி வன்பொருள்களுக்கென ஒதுக்கப்படுவதால் 32 பிட்டு விண்டோஸ் 7 இல் பொதுவாக 3 முதல் 3.5 கிகாபைட்டு வரையே பயன்படும்.

உதிரிபாகக் கடைகள் பெரும்பாலும் நகரங்களில் உள்ளமையால் இவற்றை வீட்டிலேயே குறித்துக்கொள்வது நன்று. விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்திலுள்ள மேல்சித்தாமூர் போன்ற சிற்றூரிலிருந்து செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ சென்று வாங்குபவர், வகை தவறினால் மீண்டும் ஒருமுறை பேருந்து ஏற நேரும். பழைய பலகையைக் கழற்றி உடன் எடுத்துச் செல்வது பாதுகாப்பான வழியாகும். அதன் ஒட்டுத்தாளில் வகையும் வேகமும் அச்சிடப்பட்டிருக்கும்.

பற்றாக்குறையை அளந்தறிதல்

வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தையும் ஒருசேரத் திறந்து வைத்த நிலையில் அளவிட வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். அதன் செயல்திறன் பகுதியில் நினைவகம், செயலி ஆகியவற்றின் பயன்பாடு காட்டப்படும். லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்னும் கட்டளை நினைவகத்தின் பயன்பாட்டைக் காட்டும்.

இங்கு ஒரு தவறு பொதுவாக நேர்கின்றது. இயங்குதளங்கள் வேலையில்லாத நினைவகத்தைக் கோப்புகளின் படிகளை வைத்திருக்கப் பயன்படுத்துகின்றன. தேவைப்படும்போது அதனை உடனே விடுவிக்கின்றன. ஆகவே முற்றிலும் வெறுமையாக உள்ள அளவு குறைவாகத் தெரிவது பற்றாக்குறை ஆகாது. மென்பொருள்களுக்குக் கிடைக்கக்கூடிய அளவு எவ்வளவு என்பதையே நோக்க வேண்டும்.

• கிடைக்கக்கூடிய நினைவகம் மிகக் குறைந்து, வன்தட்டு ஓயாமல் இயங்கினால் நினைவகப் பற்றாக்குறை உள்ளது.
• நினைவகம் மீதமிருக்க, செயலியின் பயன்பாடு தொடர்ந்து 100 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் செயலியே தடையாக உள்ளது. அல்லது தேவையற்ற நிரலொன்று பின்னணியில் இயங்குகின்றது.
• நினைவகமும் செயலியும் ஓய்வாக இருக்க, கோப்புகளைத் திறப்பது மட்டும் தாமதமானால் வன்தட்டைச் சோதிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, மடிக்கணினியாயின் மின்கலத்தையும் கழற்ற வேண்டும். உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நினைவகச் சில்லுகளைப் பழுதாக்கக்கூடும். ஆதலால் நிலத்தொடர்புள்ள உலோகப் பொருளொன்றைத் தொட்ட பின்னர், பலகையை அதன் ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். மேசைக் கணினியில் பலகை செங்குத்தாக அழுத்தப்படும். மடிக்கணினியில் சாய்வாகச் செருகிக் கீழ்நோக்கி அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் பற்றிக்கொள்ளும். கணினி தொடங்காமல் விட்டுவிட்டு ஒலி எழுப்புமானால், பலகை சரியாக அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாகும். பொருத்திய பின் மெம்டெஸ்ட்86+ போன்ற கட்டற்ற மென்பொருளால் பலகையில் பிழை உள்ளதா எனச் சோதிக்கலாம்.

மாற்று வழிகள்

சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது, பல பழைய கணினிகளில் நினைவகத்தைக் கூட்டுவதைவிட மிகுந்த பயன் தரும். கணினி தொடங்கும் நேரமும் மென்பொருள்கள் திறக்கும் நேரமும் பெரிதும் குறையும். பற்றாக்குறையால் நேரும் இடமாற்றமும் விரைவாகும். எனினும் அது நினைவகத்துக்கு ஈடாகாது.

செலவில்லாத வழிகளும் உண்டு. கணினியுடன் தாமாகத் தொடங்கும் நிரல்களை நிறுத்துதல், உலாவியில் திறந்துள்ள தத்தல்களைக் குறைத்தல், எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய பணிச்சூழல் கொண்ட லினக்ஸை நிறுவுதல் ஆகியவை அவற்றுட் சில. இவற்றை முதலில் செய்து பார்ப்பதால் இழப்பு ஏதுமில்லை.

முடிவெடுத்தல்

நினைவகத்தைக் கூட்டுவதால் தீராத குறைகளும் உண்டு. விண்டோஸ் 7 க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. விண்டோஸ் 11 க்கு 64 பிட்டுச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கட்டாயத் தேவைகள் என அறிவிக்கப்பட்டுள்ளமையால், 2011 காலத்துக் கணினிகள் எவ்வளவு நினைவகம் பெற்றாலும் அதற்குத் தகுதி பெறா. இத்தகைய கணினியை இணையத்தில் பயன்படுத்த விரும்புவோர், ஆதரவு தொடரும் லினக்ஸ் வெளியீடொன்றுக்கு மாறுவதை நினைவகச் செலவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

விலையும் கருதத்தக்கது. செயற்கை அறிவாற்றல் வழங்கிகளுக்கான தேவையால் 2025 இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வெகுவாக உயர்ந்தது. பழைய தலைமுறைப் பலகைகள் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டவையாகவே கிடைக்கின்றன. அவற்றை மாற்றித்தரும் உறுதியுடன் வாங்குவது நலம்.

சுருங்கக் கூறின், அளவீட்டில் பற்றாக்குறை தெரிந்து, செருகுவாயும் உச்ச வரம்பும் இடம் தந்து, இயங்குதளம் அந்நினைவகத்தைப் பயன்படுத்துமானால் மேம்படுத்தலாம். இம்மூன்றில் ஒன்று தவறினும் அப்பணத்தைத் திண்மநிலைச் சேமிப்பகத்துக்கோ புதிய கணினிக்கோ சேர்த்து வைப்பதே தக்கது. தட்டச்சு, பாடக் குறிப்புகள், நிரலாக்கப் பயிற்சி ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் வீட்டுக் கணினியாயின், எளிய லினக்ஸுடன் 2 கிகாபைட்டு நினைவகமே போதுமானதாக இருக்கக்கூடும்.