மயக்கம் போட்டவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள்

வெயில் ஏறிவிட்டால் மயக்கம் என்று வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். அதில் வருத்தமில்லை, விழுந்து நாலைந்து நாள் கழித்து வருகிறார்களே, அதுதான் வருத்தம். அதற்குள் குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது, மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையும் ஒரு அட்டை தீர்ந்திருக்கிறது.

எந்த மயக்கம்?

'மயக்கமா வருது டாக்டர்' என்கிறார்கள். அறை சுழல்வது, கண் இருட்டுவது, நினைவு தப்பி விழுவது, வெறும் அசதி எல்லாமே மயக்கம்தான். எனக்கு நான்கும் நான்கு வழி. சுழன்றால் பெரும்பாலும் உள்காதில் கோளாறு. நினைவு தப்பியிருந்தால் முதலில் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரையும் கூட்டி வாருங்கள். நின்றுகொண்டிருந்தாரா, முகம் வெளிறியதா, கைகால் வெட்டியதா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சோடா, சாவிக்கொத்து, வெங்காயம்

நினைவில்லாதவரால் விழுங்க முடியாது. ஊற்றுகிற சோடா மூச்சுக்குழாய்க்குள் போய் அடைக்கலாம், நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரை நோயாளிக்கு நினைவிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் எதுவும் வேண்டாம்.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். அடங்கிய பெயர் கையில் திணித்த சாவிக்குப் போகிறது. கையில் இரும்பைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வெங்காயத்தை மூக்கில் பிடிப்பதாலும் கன்னத்தில் அறைவதாலும் நேரம்தான் வீண்.

மயங்கி விழுந்தவரைப் பதறிப்போய்த் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மூளைக்கு ரத்தம் குறைந்ததால் விழுந்தவர் அவர். மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை ஓரடி உயர்த்துங்கள். சாதாரண மயக்கம் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். மூச்சு ஒழுங்காக இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

எல்லாம் 'லோ பிபி' இல்லை

நெற்றியில் அடிபட்டுக் கறுத்துப்போன ஒரு பாட்டியை, 'லோ பிபிதான், ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று மகன் அழைத்து வந்தார். நாடி நிமிடத்துக்கு நாற்பதைக்கூடத் தொடவில்லை. இதயத்துக்குள் மின்னோட்டம் தடைப்பட்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது பேஸ்மேக்கர். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் அது சரியாகியிருக்காது.

இன்னும் சிலர் தாங்களாகவே பிபி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சிலருக்குத் தள்ளாட்டம் தருவது உண்மைதான். ஆனால் அளவை மாற்றவேண்டியது எழுதிக் கொடுத்த டாக்டர். தயவுசெய்து அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

அன்றைக்கே வரவேண்டியவர்கள்

நடக்கும்போதோ ஓடும்போதோ விழுந்தவர், முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தவர், நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தவர், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பவர், மலம் கறுத்துப் போகிறவர், கர்ப்பிணிகள். பேச்சு குழறினாலோ ஒரு பக்கக் கைகால் செயலிழந்துவிட்டாலோ அது மயக்கமில்லை, பக்கவாதம்; மணிக்கணக்கில் காத்திருக்கவே கூடாது.

ஈசிஜி, சர்க்கரை, ஹீமோகுளோபின், படுத்தும் நின்றும் பிபி: தொடக்கத்துக்கு இவை போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருக்காதீர்கள். இரவில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடங்கள். வயதானவர்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடவேண்டாம். உள்ளே விழுந்தவரை எடுக்கக் கதவை உடைக்க வேண்டியிருக்கிறது. ஆண்கள் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். கோயில் வரிசையிலோ ரேஷன் கடையிலோ கண் இருட்டினால், யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.