நோயாளரைக் காப்போரின் நலன்

கொழும்பு மாளிகாவத்தையில் சிறுநீரக நோய்களுக்கெனவே ஒரு தேசிய வைத்தியசாலை இயங்கி வருகிறது. வாரத்தில் இரண்டு, மூன்று தடவைகள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இயந்திரத்தின் துணையுடன் குருதியைச் சுத்திகரித்து உயிர்வாழ வேண்டியவர்களுக்கு அது புகலிடம். சிறுநீரகச் செயலிழப்புக்கான காரணிகளுள் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் முதன்மையானவை. இவ்விரண்டுக்கும் வழிவிடுவது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே. இதனை நோயாளிக்கு எடுத்துரைக்கும் தாதியரும் சிற்றூழியரும் அதே ஆபத்தின் விளிம்பில் நிற்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,77,000 பெண் தாதியரை 20 ஆண்டுகளளவில் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளியாயிற்று. சுழற்சி முறையில் இரவுக் கடமையை 10 முதல் 19 ஆண்டுகள் செய்தோருக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு, அக்கடமை செய்யாதோரைவிட 40 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. 20 ஆண்டுகளைத் தாண்டியோருக்கு அது 58 சதவீதம். உடல் எடையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது இந்த 58, 24 ஆகக் குறைந்தது. அதாவது, மேலதிக ஆபத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கு கூடிய எடையின் வழியாகவே வருகிறது. எஞ்சியது மெலிந்தவரையும் விடுவதில்லை.

காரணம் விளங்காததன்று. பகலில் உண்ட அதே உணவை நள்ளிரவில் உண்டால் குருதியில் சீனி கூடுதலாக உயர்கிறது. அந்நேரத்தில் இன்சுலின் மந்தமாகவே தொழிற்படுகிறது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, போதும் எனச் சொல்லும் சுரப்பு குறைகிறது. விடுதியில் விழித்திருப்பவருக்கு அவ்வேளையில் கிடைப்பதோ ரோல்ஸ், பற்றிஸ், சீனி நிறைந்த தேநீர். இரண்டு கரண்டி வீதம் நான்கு கோப்பை அருந்தினால் 30 கிராமுக்கு மேல் சீனி சேர்ந்துவிடும். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடக்குவது மேலும் நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

"எனக்குப் பெரிய உடம்பில்லையே" என்பார் பலர். தெற்காசியருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. ஐரோப்பியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 25இல் எழும் எச்சரிக்கை நமக்கு 23இலேயே எழுகிறது. இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே கவனம் தேவை. 2005-2006இல் இந்நாட்டு வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018-2019 கணக்கெடுப்பில் ஐவரில் ஒருவருக்கும் மேல் அது காணப்பட்டது.

மாளிகாவத்தை போன்ற முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரமழானில் நோன்பு நோற்றவாறே இரவுக் கடமைக்குச் செல்வோர், இப்தாரில் பொரித்த பண்டங்களையும் சஹரில் அவசரச் சோற்றையும் உண்டு உறக்கத்தை இழக்கின்றனர். ஏற்கனவே நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ பெறுவோர் மாதம் பிறக்கும் முன்பே வைத்தியரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையைத் தாதி ஒருவர் தமக்கு மட்டும் மறுத்துக்கொள்வது பேணுதல் ஆகாது.

ஊழியரின் நாவடக்கத்தை மட்டும் குறைகூறுவது நியாயமன்று என்பதே எமது எண்ணம். ஆளணிப் பற்றாக்குறையால் மேலதிக நேரக் கடமை கட்டாயமாகிறது. குடும்பச் செலவால் அது விரும்பி ஏற்கப்படுகிறது. தொடர்ச்சியான இரவுகளைக் குறைத்துக் கடமைப் பட்டியலைத் தயாரிப்பது நிருவாகத்தின் கையில் உள்ளது. ஆண்டுக்கொரு முறை ஊழியரின் இடுப்பளவு, குருதியமுக்கம், வெறுவயிற்றுச் சீனி ஆகியவற்றைப் பார்ப்பதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. அளவு நாடாவும் ஆய்வுகூடமும் அங்கேயே இருக்கின்றன. சிற்றுண்டிச்சாலையில் தேநீரையும் சீனியையும் வெவ்வேறாக வைக்கும் ஏற்பாட்டை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.