நெருக்கி அடுக்கும் ரேக்குகள்: வைப்பது எளிது, எடுப்பது எப்படி?

குடோன் வாடகையைச் சதுர அடிக் கணக்கில்தான் கொடுக்கிறோம். அதில் சரக்கு இருப்பது எத்தனை அடியில்? சாதாரண பாலெட் ரேக் போட்ட கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் திரும்புவதற்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வழி விடவேண்டியிருக்கிறது. பாலெட்டின் நீளமோ 1,200 மி.மீ. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வைத்தாலும், சரக்கைவிட வழிக்கே அதிக இடம் போகிறது. இந்த வழிகளைக் குறைப்பதற்காக வந்தவைதான் நெருக்கி அடுக்கும் ரேக்குகள்.

இவற்றில் விலை குறைந்தது 'டிரைவ்-இன்'. இதில் குறுக்குச் சட்டம் இல்லை. இருபுறத் தூண்களிலும் நீளவாக்கில் தாங்கிகள் ஓடும். வண்டியே சந்துக்குள் நுழைந்து பாலெட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கும். ஆறு ஆழம், மூன்று உயரம் என்றால் ஒரு சந்துக்கு 18 பாலெட். 25 கிலோ மூட்டை நாற்பது ஏற்றினால் பாலெட்டுக்கு ஒரு டன், ஆக 18 டன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் எடுக்கும்போது வருகிறது. கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். பாதி காலியான சந்தில் புது லாட்டை ஏற்றினால், பழையது உள்ளேயே கிடந்து தேதி போகும். வேறு சரக்கை வைத்தால் உள்ளே இருப்பது மாட்டிக்கொள்ளும். ஒன்றும் வைக்காவிட்டால் இடம் வீண். எனவே 18 பாலெட் என்பது காகிதக் கணக்கு. எல்லா நாளும் அது கைக்கு வராது. உப்பு, சர்க்கரை போன்றவற்றுக்கு இம்முறை ஒத்துவரும். பிஸ்கட், மாவு, எண்ணெய் பாக்கெட்டுக்கு ஆபத்து. காலாவதியான உணவுப்பொருளை விற்றால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி விற்றவரே பொறுப்பு. ரேக் விற்றவர் வந்து நிற்கமாட்டார்!

'புஷ்-பேக்' முறையில் பாலெட்டுகள் சரிவான தண்டவாளத்தில் சக்கரத் தட்டுகள்மேல் நிற்கும். வண்டி உள்ளே போகவேண்டாம், தட்டுக்குத் தட்டு வேறு சரக்கு வைக்கலாம். இதிலும் கடைசியாக வந்ததே முதலில் போகும்.

தேதிச் சரக்குக்கு ஏற்றது 'பாலெட் ஃப்ளோ'. பின்புறம் ஏற்றினால் உருளைகள்மேல் மெல்லச் சரிந்து முன்புறம் வந்து நிற்கும். முதலில் வந்தது முதலில் போகும். செலவு அதிகம். அடிப்பலகை உடைந்த பாலெட் நடுவழியில் சிக்கிக்கொண்டால் பெரும் தொல்லை. நம் குடோன்களில் பாலெட்டுகள் இருக்கும் நிலை நமக்குத் தெரிந்ததே.

ரேக்கே நகர்ந்து ஒரு வழியை மட்டும் திறக்கும் 'மொபைல்' முறையும் உண்டு. குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பொருந்தும். அவசரமாக லோடு எடுக்கும் இடத்துக்கு அல்ல.

எந்த ரேக் ஆனாலும் எடை தரை முழுவதும் பரவாது. தூண்களின் அடித்தட்டு வழியே குறுகிய இடத்தில் இறங்கும். பழைய தரையைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். டிரைவ்-இன்னில் வண்டி தூண்களை இடிப்பது சகஜம். வளைந்த தூணில் சரக்கை வைத்திருக்கக்கூடாது, உடனே இறக்கிவிடவேண்டும்.

ஆர்டர் கொடுக்குமுன் போன வருட ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டுவோம். ஒரு சந்தை முழுதாக நிரப்பி, முழுதாகக் காலிசெய்த சரக்குகள் எத்தனை என்று எண்ணுவோம். அவற்றுக்கு மட்டும் டிரைவ்-இன் போதும். மற்றவை சாதாரண ரேக்கிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே குடோனில் போடலாம்.