குறையாத எண்ணெயும் தேய்ந்த தாங்கியும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏ 40 என்ற பெயரை அறியாத முதியவர் இலர் எனலாம். இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனம் 1947ஆம் ஆண்டில் செய்யத் தொடங்கிய மோட்டார் வண்டி அது. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட சிறிய எஞ்சின் அதனுடையது. பிறந்த நாட்டில் அரும்பொருளாக மதிக்கப்படும் நிலையை அடைந்த பின்னரும், நம் ஊர்களில் அது வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, பெற்றோலும் டீசலும் குடாநாட்டிற்கு வருவது தடைப்பட்டபோது, அந்தக் கிழவண்டிகளே நமக்குக் கைகொடுத்தன. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை நம்மவர்கள் கற்றுக்கொண்டனர்.

நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். எந்திரவியல் கற்றவன் அல்லேன். ஆயினும் அக்காலத்தில் ஓர் இளம் ஆசிரியனாக, என் சிற்றப்பாவின் ஏ 40 வண்டியைப் பழுதுபார்த்தபோது அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அன்று நான் கண்டதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

சிற்றப்பாவின் வண்டியை நம்பி ஓர் ஊரே இருந்தது. நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதாயினும், பாம்பு தீண்டிய ஒருவனைக் காப்பதாயினும், அவ்வண்டியே துணை. அந்த வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒருநாள் 'டக், டக்' என்று தட்டும் ஓசை எழுந்தது. அவ்வோசையைப் பொருட்படுத்தாது ஓட்டினால், ஒருநாள் தண்டு முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்துவிடும். அது நோயாளியுடன் நடுவழியில் நிகழ்ந்தால் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசையின் காரணத்தை அறியுமுன், எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். எரிபொருள் வெடிக்கும்போது பிஸ்ரன் கீழே தள்ளப்படுகின்றது. அத்தள்ளலைக் கிறாங்க் தண்டுக்குக் கொண்டுசெல்வது கொன்றொட் எனப்படும் இணைக்கும் தண்டு. அது கிறாங்கைப் பற்றும் இடத்தில் இரண்டு அரைவட்ட ஓடுகள் உள்ளன. இவையே தாங்கி, அதாவது பெயாரிங். உருக்கு ஓட்டின் உட்புறத்தில் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம் பூசப்பட்டிருக்கும். அத்தகைய கலப்புலோகத்தை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐசாக் பாபிற் என்பவர் தாங்கிகளுக்கு வகுத்தளித்தார்.

எஞ்சின் நிமிடத்திற்கு 2400 முறை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு இருபது வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த இருபது அடிகளையும் தாங்கியின் மேலோடு ஏற்கின்றது. ஆயினும் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கின்றது. 1880களில் இங்கிலாந்தில் போஷம்ப் ரவர் என்பவர் இரயில்வண்டி அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் பீறியது. அதனை அடைக்க வைத்த தக்கையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் தண்டு எண்ணெயை இழுத்துச் சென்று, சுமையையே தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்குகின்றது என்பதை 1886ஆம் ஆண்டில் ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். இதற்கு எண்ணெயின் பிசுக்கு இன்றியமையாதது. பிசுக்குக் குறைந்தால் படலம் மெலியும். படலம் கிழிந்தால் உலோகம் உலோகத்தை உரைக்கும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். வந்த மெக்கானிக் உடனே சாவியை எடுத்து எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் முறையே விலக்கினார். மூன்றாம் கம்பியை விலக்கியதும் ஓசை தணிந்தது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் அடியும் நின்றது. ஆகவே பழுது மூன்றாந் தண்டில் என்பது தெளிவாயிற்று. பின்னர் எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் மேற்குறியையும் தாண்டி நின்றது. சிற்றப்பா பெருமையோடு, "மூண்டு மாதமா ஒரு சொட்டு ஒயில் விடேல்லை, தம்பி" என்றார்.

"குறையேல்லை எண்டு சந்தோசப்படாதேங்கோ அண்ணை. கூடினது ஏன் எண்டு யோசியுங்கோ," என்றார் மெக்கானிக். கோலை என்னிடம் நீட்டினார். மண்ணெண்ணெய் மணத்தது. விரலிடையில் தேய்த்தபோது தண்ணீர்போல் வழுகியது.

அடித்தொட்டியைக் கழற்றித் தாங்கி ஓடுகளை எடுத்து வரிசையாகத் துணியில் வைத்தார். தேய்மானத்தை வாசிப்பது ஏடு வாசிப்பது போன்றதே என்பதை அன்று உணர்ந்தேன். தூசி புகுந்திருந்தால் சுற்றிவர நீண்ட கீறல்கள் இருக்கும், இருக்கவில்லை. தண்டு வளைந்திருந்தால் மேலோட்டில் ஒரு விளிம்பும், கீழோட்டில் அதற்கு எதிர் விளிம்பும் தேய்ந்திருக்கும், அதுவும் இல்லை. எண்ணெய்த் துளை அடைபட்டிருந்தால் இரண்டு ஓடுகளும் கருகி உருகியிருக்கும். துளையோ ஊதியபோது தடையின்றித் திறந்திருந்தது. நான்கு மேலோடுகளும் சீராகச் சற்றே தேய்ந்திருந்தன. மூன்றாவதன் மேலோட்டில் மட்டும் வலைபோன்ற நுண்ணிய வெடிப்புகள் ஓடி, உலோகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. அதன் கீழோடு ஏறக்குறையப் பழுதின்றி இருந்தது.

இவ்வடையாளங்கள் இரண்டு காரணங்களைச் சுட்டின. நான்கிலும் பொதுவாகக் கண்ட தேய்வு, மெலிந்த எண்ணெயால் விளைந்தது. மூன்றாவதில் கண்ட வெடிப்போ, மேலிருந்து மீண்டும் மீண்டும் விழுந்த அளவு மிஞ்சிய அடியால் விளைந்தது. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் அழுத்தத்தில் எளிதாகத் தானே தீப்பற்றி ஒருங்கே வெடிக்கும் இயல்புடையது. ஆயின், அந்த அடி மூன்றாவதில் மட்டும் ஏன் மிகுந்தது?

விடை மேலே இருந்தது. எஞ்சினின் தலையைக் கழற்றியபோது, மூன்றாம் பிஸ்ரனின் முடியில் கரி பொருக்காகப் படிந்திருந்தது. அப்பிஸ்ரனில் எண்ணெயை வழித்துவிடும் கீழ்வளையம் கரியால் இறுகிப் போயிருந்தது. அதனால் எண்ணெய் மேலேறி எரிந்து கரியாயிற்று. கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டிற்று. தானே கனன்று முன்கூட்டித் தீமூட்டிற்று. எரியாத மண்ணெண்ணெய் நான்கு சிலிண்டர்களின் சுவர் வழியேயும் கீழிறங்கி எண்ணெயோடு கலந்தது. எண்ணெய் போய்க்கொண்டிருந்தது, அதன் இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பிற்று. ஆதலாற்றான் அளவுகோல் குறைவைக் காட்டவில்லை. எண்ணெய் எரியும் நீலப்புகையும் மண்ணெண்ணெயின் வெண்புகையில் மறைந்துவிட்டது.

ஓட்டை மட்டும் மாற்றியிருந்தால், சில வாரங்களில் அதே ஓசை திரும்பியிருக்கும். மெக்கானிக் கரியைச் சுரண்டினார்; வளையத்தை விடுவித்தார்; கிறாங்கை அளந்து பார்த்து, வேறோர் எஞ்சினிலிருந்து பெற்ற ஓடுகளைப் பொருத்தினார். தலைக்கும் உடலுக்கும் இடையில் இரட்டைக் காஸ்கற் இட்டு அழுத்தத்தைக் குறைத்தார். தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி செய்தார். எஞ்சின் நன்கு சூடேறும்வரை மண்ணெண்ணெய்க்கு மாறலாகாது என்றும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும் என்றும் கட்டளையிட்டார். தடைக்காலத்தில் எண்ணெய் கிடைப்பதே அரிது. ஆயினும் சிற்றப்பா தம் செலவைச் சுருக்கி அதனைக் கடைப்பிடித்தார்.

இது பழைய வண்டிக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் நேர்கோட்டில் சில நொடிகளே ஓடும் பந்தய வண்டிகள் உள்ளன. அவற்றில் முதன்மையானவை நைற்றோமீதேன் என்னும் எரிபொருளில் இயங்கிப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைவலுவை வெளிப்படுத்துவன. அங்கும் எரியாத எரிபொருள் எண்ணெயை மெலிவிக்கின்றது. மிகுந்த அடி மேலோட்டை வருத்துகின்றது. ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் எஞ்சினைப் பிரித்து எண்ணெயை மாற்றித் தாங்கி ஓடுகளை ஆராய்வது அவர்தம் வழக்கம். செல்வம் நிறைந்த அப்பந்தயக் களத்திலும், லாம்பு வெளிச்சத்தில் நின்ற எங்கள் முற்றத்திலும், ஓடுகள் பேசிய மொழி ஒன்றே.

2002ஆம் ஆண்டில் பாதை திறந்து பெற்றோல் வந்தது. எனினும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் எந்திரங்கள் நம் தோட்டங்களில் இன்றும் உள்ளன. அவற்றை வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் குறைந்தால் கவலைப்பட நாம் அறிவோம். அது குறையாதபோதும், கூடும்போதும் கோலை உருவி முகர்ந்து பாருங்கள்.

சிற்றப்பாவின் வண்டி அதன் பின்னும் பல இரவுகள் ஓடிற்று. அதில் ஏறி வைத்தியசாலை சென்ற தாய்மாரின் பிள்ளைகள் சிலர், பின்னர் என் வகுப்பிலேயே அமர்ந்து படித்தனர்.