ஒரே பெயர், இரண்டு பெட்டிகள்!

"என் லேப்டாப்பில் ஓடியதே சார்!" ப்ராஜெக்ட் வைவா நாளில் நம் அனைவருக்கும் பழக்கமான வசனம் இது. இந்தப் புலம்பலை ஒழிக்கத்தான் 2013-ல் டாக்கர் வந்தது. நம்ம புரோகிராம், அதற்கு வேண்டிய லைப்ரரிகள், செட்டிங்குகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடலாம். அந்தப் பெட்டிக்குத்தான் இமேஜ் என்று பெயர். எங்கே இறக்கினாலும் ஓடும் என்பார்கள்.

உண்மையில் ஓடுமா நண்பர்களே?

பெட்டிக்குள் எல்லாம் உண்டு, பிராசஸர் மட்டும் கிடையாது! இன்டெல், ஏ.எம்.டி. சிப்புகளுக்கு ஒரு மெஷின் மொழி; ஆர்ம் சிப்புக்கு வேறு மொழி. ஒர்க்‌ஷாப்பில் மில்லிமீட்டர் போல்ட்டில் இஞ்ச் நட்டைத் திருகினால் ஏறுமா? அதே கதைதான். லேப்டாப்பில் கட்டிய இமேஜை ராஸ்பெர்ரி பையில் ஏற்றினால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று ஒரே வரியில் கையை விரித்துவிடும். இது குட்டி போர்டுகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2018-ல் அமேசானின் கிராவிட்டான் சர்வர், 2020-ல் ஆப்பிளின் எம்1 என ஆர்ம் எங்கும் வந்துவிட்டது.

அப்படியானால் இரண்டு இமேஜ் கட்ட வேண்டும். பெயர் ஒன்றே போதும். ரிஜிஸ்ட்ரியில் அந்தப் பெயருக்கு அடியில் ஓர் அட்டவணை இருக்கும். கேட்கிற மெஷின் தனக்குரிய பெட்டியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கட்டுவதற்கு மூன்று வழிகள்:

1. கெமு. 2003-ல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் வெளியிட்டது. ஒரு சிப்பின் கட்டளைகளை இன்னொன்றுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். சுலபம், ஆனா கம்பைல் வேலை என்றால் ஆமை வேகம்!

2. கிராஸ் கம்பைல். நம் சிப்பிலேயே உட்கார்ந்து அடுத்த சிப்புக்கான கோடை உருவாக்குவது. 'கோ' மொழியில் 'கோ ஆர்ச்' என்ற ஒரு செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் போதும். எங்கள் ப்ராஜெக்டுக்கு நான் இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

3. இரண்டு வகை மெஷினிலும் தனித்தனியே கட்டி, கடைசியில் அட்டவணையில் சேர்ப்பது. வேகமானது. 2025 ஜனவரி முதல் கிட்ஹப், பொது ப்ராஜெக்டுகளுக்கு ஆர்ம் மெஷின்களையும் இலவசமாகத் தருகிறது.

எந்த வழியானாலும், கையால் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஏன்? அவசரத்தில் ஒரு சிப்புக்கு மட்டும் புதுசு கட்டுவோம். மற்றது பழசாகவே கிடக்கும். ஒரே பெயர், உள்ளே இரண்டு வெர்ஷன்! லேப்டாப்பில் சரியான விடை, போர்டில் தப்பான விடை. எரர் எதுவும் வராது. ராத்திரி முழுக்கத் தேடினாலும் பிடிபடாது.

அதனால் கோடைக் கிட்ஹப்புக்கு அனுப்பியதுமே கட்டும் வேலை தானாகத் தொடங்கும்படி எழுதி வையுங்கள். 'பில்ட்எக்ஸ்' கட்டளையில் இரண்டு சிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே கோடிலிருந்து இரண்டும் உருவாகும். ஒன்று தோற்றாலும் எதுவும் வெளியே போகாது. அடிப்படையாக எடுக்கும் இமேஜுக்கும் ஆர்ம் வடிவம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தோழர்களே! பச்சை டிக் வந்தால் கட்டியாயிற்று என்றுதான் அர்த்தம்; ஓடியாயிற்று என்றல்ல. வைவாவுக்கு முந்தின நாளாவது நிஜ போர்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எக்ஸாமினர் பார்க்கப்போவது அந்த போர்டைத்தானே!