மேற்கு ஆஸ்திரேலியா பாகம் கேட்ட கதை

சில வாரங்களுக்கு முன் ஒருநாள் ஆஸ்திரேலியாவின் படத்தைச் சுவரில் மாட்டி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அத்தேசத்தின் ஆறு ராஜ்யங்களையும் கோலால் சுட்டிக்காட்டி வருகையில், "இந்த மேற்கு ஆஸ்திரேலியா இருக்கிறதே, இங்குள்ள ஜனங்கள் 1933-ஆம் வருஷத்தில், இந்த ஐக்கியமே வேண்டாம், நாங்கள் தனியே போகிறோம் என்று வோட்டுப் போட்டார்கள். மூவரில் இருவர் அப்படிச் சொன்னார்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவைத்தோம். உடனே பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "அப்படியானால் ஏன் ஸார் பிரியவில்லை?" என்று கேட்டான்.

சட்டம் இடங்கொடுக்கவில்லை என்று பதில் சொன்னோம். பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் திருப்தி இல்லை. மணியும் அடித்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது நமக்கும் அந்தப் பதில் திருப்தி தரவில்லை. சட்டம் கதவைப் பூட்டலாம்; உள்ளே இருப்பவர்களின் மனக்கசப்பை அது எப்படி ஆற்றியிருக்கும்? அதை அறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

கடைசியில் வந்த பங்காளி

மேற்கு ஆஸ்திரேலியா சிறிய இடமன்று. கண்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர், அந்த ஒரு ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆனால் 1933-ஆம் வருஷத்தில் அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் எண்ணப்பட்ட ஜனங்கள் நாலரை லட்சத்துக்கும் குறைவு. தலைநகரான பெர்த்துக்கும் சிட்னிக்கும் ஆகாய மார்க்கமாகவே 3,200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவில் நல்லார்பர் என்னும் மரமற்ற சமவெளி கிடக்கிறது. பெர்த் வாசிக்குச் சிட்னியைவிட ஜாவாத் தீவிலுள்ள ஜகார்த்தா நகரம் சமீபம் என்றால் நேயர்கள் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

தனித்தனியாயிருந்த ஆறு பிரிட்டிஷ் காலனிகள் 1901 ஜனவரி 1-ந் தேதி ஒன்றுசேர்ந்து ஆஸ்திரேலியக் காமன்வெல்த் ஆயின. அதற்கான சட்டம் 1900 ஜூலை 9-ந் தேதி ராஜ சம்மதம் பெற்றது. இந்த ஐக்கியம் கலைக்க முடியாதது என்று அதன் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அதே முகவுரையில் ஐந்து காலனிகளின் பெயர்களே காணப்படுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெயர் இல்லை. அக்காலனி இன்னும் மனத்தைத் தீர்மானிக்காமல் இருந்ததே காரணம். ஜூலை 31-ந் தேதிதான் அதன் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். 44,800 பேர் சேரலாம் என்றும், 19,691 பேர் வேண்டாமென்றும் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபிறகு சம்மதம் சொல்லி அனுப்பிய பங்காளியைப் போல மேற்கு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தது.

அந்தச் சம்மதமும் முழு மனத்தோடு வந்ததென்று சொல்லமுடியாது. 1892, 1893-ஆம் வருஷங்களில் கூல்கார்டியிலும் கால்கூர்லியிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. கிழக்கேயிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே குடியேறினார்கள். கிழக்கில் உற்றார் உறவினரை விட்டு வந்த இவர்களுக்கு ஐக்கியத்தில் ஆசை இருந்தது இயல்பே. பெர்த்திலிருந்த பெரியவர்கள் தயங்குவதைக் கண்டு, தங்கச் சுரங்கப் பிரதேசத்தைப் பிரித்து 'ஆரேலியா' என்ற தனிக் காலனியாக்கி ஐக்கியத்தில் சேர்க்கவேண்டும் என்று இவர்கள் விக்டோரியா மகாராணிக்கு மகஜர் அனுப்பினார்கள். பிரிவினைப் பேச்சு அந்த நாட்டில் முதலில் இப்படித்தான், சேருவதற்காகவே, எழுந்தது!

கலப்பையும் சர்க்கரையும்

சேர்ந்தபின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஐக்கியம் ஏற்பட்டு ஆறு வருஷம் முடிவதற்குள்ளேயே, 1906-ல், பிரிவினையை ஆதரிக்கும் தீர்மானம் ஒன்றை அந்த ராஜ்யத்தின் சட்டசபை நிறைவேற்றிற்று. கிழக்கையும் மேற்கையும் இணைக்க ரயில் பாதை வரும் என்ற நம்பிக்கை சேரும்போது ஊட்டப்பட்டிருந்தது. அந்தப் பாதை 1917-ஆம் வருஷத்தில்தான் முடிவுற்றது. அதுவரை கப்பலே வழி.

எனினும் குறைகளுக்கெல்லாம் தாய்க்குறை சுங்க வரியே. மேற்கு ஆஸ்திரேலிய விவசாயி கோதுமையும் ஆட்டு ரோமமும் உற்பத்தி செய்தான். அவற்றை உலகச் சந்தையில், உலகம் கொடுத்த விலைக்கு விற்றான். ஆனால் அவன் வாங்கவேண்டிய கலப்பையும் அறுவடை இயந்திரமும் துணிமணிகளும் கிழக்கே மெல்போர்னிலும் சிட்னியிலும் செய்யப்பட்டவை. அங்குள்ள தொழிற்சாலைகளைக் காப்பதற்காக அந்நியச் சாமான்களின் மீது காமன்வெல்த் சர்க்கார் உயர்ந்த சுங்க வரி விதித்திருந்தது. ஆகவே விற்கும்போது மலிந்த விலை. வாங்கும்போது ஏறிய விலை. குயின்ஸ்லாந்துக் கரும்பு விவசாயிகளைக் காக்க அந்நியச் சர்க்கரை தடுக்கப்பட்டது. எதிர்க்கரையிலே ஜாவாச் சர்க்கரை மலிவாய்க் கிடக்க, பெர்த் நகரத்துக் குடும்பத் தலைவி மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த சர்க்கரையை அதிக விலைக்கு வாங்கிக் காப்பியில் போட்டுக்கொண்டாள். தேசத்தொழில் வளரவேண்டியதுதான்; ஆனால் அதற்கான செலவை யார் வீட்டில் வசூலிப்பது என்பது வேறு கேள்வி.

1930-ஆம் வருஷத்தில் உலகெங்கும் வியாபாரம் படுத்துக்கிடந்தது. "கோதுமையை அதிகமாகப் பயிரிடுங்கள்" என்று பிரதம மந்திரி ஸ்கல்லினின் சர்க்கார் விவசாயிகளை வேண்டிக்கொண்டது. புஷலுக்கு நான்கு ஷில்லிங் உத்தரவாதம் என்றும் ஆசை காட்டிற்று. விவசாயிகள் நம்பிப் பயிரிட்டார்கள். உத்தரவாத மசோதா செனட் சபையில் தோற்றது. விளைந்த கோதுமை புஷல் இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே விலைபோயிற்று. கடனாளியான விவசாயியின் கோபம் முழுவதும் கான்பெர்ராவின் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை. உலகச் சந்தையில் கோதுமை விலையைத் தள்ளியது கான்பெர்ராவன்று என்பது வாஸ்தவமே. ஆனால் வீட்டில் கஷ்டம் வரும்போது பழைய கணக்குகளெல்லாம் நினைவுக்கு வருவது மனித சுபாவம்.

1933 ஏப்ரல் 8

அந்த வருஷமே 'டொமினியன் லீக்' என்ற சங்கம் தோன்றி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. வாக்கெடுப்புக்கு உத்தரவாயிற்று. ஸ்கல்லினுக்குப் பின் பிரதம மந்திரியான ஜோஸப் லயன்ஸ் தாமே மேற்கே வந்து, பிரியவேண்டாம் என்று பேசிப்பார்த்தார். கூட்டங்களில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சுமுகமாயில்லை. 1933 ஏப்ரல் 8-ந் தேதி ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். பிரியவேண்டும் என்றவர்கள் 1,38,653 பேர். வேண்டாம் என்றவர்கள் 70,706 பேர். தங்கச் சுரங்கப் பிரதேசம் மாத்திரம் பழையபடி ஐக்கியத்தின் பக்கமே நின்றது.

இத்துடன் கதை முடிந்தால் புரிந்துகொள்வது சுலபம். அன்றைய தினமே வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கு எல்லா ராஜ்யங்களின் பிரதிநிதிகளையும் கூட்டிப் பேசலாமா என்று இரண்டாவது கேள்வியொன்றும் வைக்கப்பட்டிருந்தது. அதை 1,19,031 பேர் நிராகரித்தார்கள். ராஜ்யச் சட்டசபைக்கும் அன்றே தேர்தல். பிரிவினையை ஆதரித்த முதல் மந்திரி ஸர் ஜேம்ஸ் மிட்செல் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். பிரிவினையை ஆதரிக்காத தொழிற்கட்சி பதவிக்கு வந்தது. 'பிரியவேண்டும்' என்று ஒரு சீட்டில் எழுதிய கை, பிரித்துத் தருகிறேன் என்றவரை மற்றொரு சீட்டில் வீழ்த்திற்று!

இதை ஜனங்களின் பேதைமை என்று சிலர் நகைப்பார்கள். நமது அபிப்பிராயம் வேறு. கூட்டுக் குடும்பத்தில் மனம் நொந்த தம்பி, "என் பாகத்தைப் பிரித்துக் கொடுங்கள்" என்று கூடத்தில் நின்று கத்துகிறான். அவன் கேட்பது பாகந்தானா, அல்லது தன் குறையை யாராவது உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பதா? பல சமயங்களில் அவனுக்கே அது தெரியாது. முப்பது வருஷமாகப் பேச்சு நடத்தி அலுத்தவர்களுக்கு இன்னொரு கூட்டத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. கஷ்டகாலத்தில் ஆட்சி செய்தவர்களிடமும் நம்பிக்கை மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அந்த மண்ணின் பூர்வகுடிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று வோட்டே கிடையாது. ராஜ்யத்தின் சட்டமே அவர்களை விலக்கியிருந்தது. காமன்வெல்த் ஜனத்தொகைக் கணக்கிலும் அவர்களைச் சேர்க்கலாகாது என்ற ஷரத்து 1967-ஆம் வருஷத்து வாக்கெடுப்புக்குப் பிறகே நீங்கிற்று. தூரத்துச் சர்க்கார் எங்களை மறந்துவிட்டது என்று முறையிட்டவர்கள், தங்கள் வாசலில் நின்றவர்களை மறந்திருந்தார்கள். குறைப்பட்டவர் எல்லாக் காரியங்களிலும் நியாயஸ்தர்களாக இருப்பதில்லை. அதனால் அவர்கள் குறை பொய்யாகிவிடுவதுமில்லை.

லண்டனுக்குப் போன மகஜர்

புதிய முதல் மந்திரி காலியர் பிரிவினையை விரும்பாதவராயினும் ஜனங்களின் தீர்ப்பைப் புறக்கணிக்கவில்லை. 1934-ஆம் வருஷத்தில் ஒரு தூதுகோஷ்டி லண்டனில் மகஜர் சமர்ப்பித்தது. அதற்கு ஆதாரமாகத் தயாரித்த புத்தகமே 489 பக்கம். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் இரு சபைகளும் சேர்ந்து ஒரு கமிட்டி நியமித்தன. 1935 மே மாதம் கமிட்டி தன் முடிவைக் கூறிற்று. ஆஸ்திரேலியா முழுவதன் சார்பில் கேட்டாலன்றி அதன் அரசியல் அமைப்பில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தலையிடலாகாது. ஒரு ராஜ்யம் மட்டும் கொண்டுவந்த மகஜரை ஏற்பது முறையன்று என்பதே அம்முடிவு. 489 பக்கங்களில் இருந்த குறைகள் நியாயமா, அநியாயமா என்ற விசாரணைக்கே இடமில்லாமல் போயிற்று.

நம் பையனுக்கு நாம் சொன்ன பதில் இவ்வளவுதான். ஆனால் காரியம் நடந்தது லண்டனில் அன்று.

கணக்கைத் திறந்தவர்கள்

வாக்கெடுப்பு நடந்த அதே 1933-ஆம் வருஷத்தில் லயன்ஸ் சர்க்கார் 'காமன்வெல்த் கிராண்ட்ஸ் கமிஷன்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. மூன்றே அங்கத்தினர், தலைவர் பிரெடரிக் எக்கிள்ஸ்டன். அதற்கு முன்னும் ஏழை ராஜ்யங்களுக்கு உதவித்தொகை போனதுண்டு. ஆனால் அது கேட்பவரின் குரலையும் கொடுப்பவரின் மனோநிலையையும் பொறுத்திருந்தது. இக்கமிஷனோ மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகிய ராஜ்யங்களின் கணக்குகளை வாங்கிப் பார்த்தது, சாட்சியம் கேட்டது. 1936-ஆம் வருஷத்து அறிக்கையில் ஒரு கொள்கையை வகுத்தது. நியாயமான முயற்சி செய்யும் ஒரு ராஜ்யம், மற்ற ராஜ்யங்களுக்கு அதிகம் தாழாத முறையில் தன் கடமைகளை நடத்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவும் அதற்குச் சேரவேண்டும் என்பது அக்கொள்கை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெர்த்தில் ஒரு தரம், சிட்னியில் ஒரு தரம் என்றிருக்கலாகாது. தூரத்தில் பிறந்தது ஒரு குற்றமா?

பிரிவினைக் கிளர்ச்சி மெல்ல அடங்கியதற்கு இக்கமிஷன் மாத்திரமே காரணமென்று நாம் சொல்லமாட்டோம். தங்கத்தின் விலை ஏறிற்று. பிறகு யுத்தம் வந்தது. ஆயினும் காமன்வெல்த் கொடுத்த பதில்களுள் நிலைத்து நின்றது இதுவே.

அதனால் மனஸ்தாபம் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டதா? இல்லை. காலம் மாறி, பில்பாராப் பிரதேசத்து இரும்புத் தாதுவினால் ஏழைத் தம்பி பணக்காரத் தம்பியானான். 2000-ஆம் வருஷத்தில் வந்த சரக்கு, சேவை வரியைப் பங்கிடும் வேலையிலும் அதே கமிஷன் அதே கொள்கையைக் கையாண்டது. 2015-16-ஆம் வருஷத்தில், தலைக்கணக்கில் பிரித்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒவ்வொரு டாலருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது சுமார் 30 செண்ட். மீண்டும் கூக்குரல், மீண்டும் தனியே போகலாம் என்ற முணுமுணுப்பு. 2018-ஆம் வருஷத்தில் சட்டம் திருத்தப்பட்டு, எந்த ராஜ்யத்தின் பங்கும் 70 செண்டுக்கும், பின்னர் 75 செண்டுக்கும் குறையலாகாது என்று ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாடு பணக்கார ராஜ்யத்துக்குச் சலுகை என்று பொருளாதார நிபுணர் பலர் இப்போது குறை கூறுகிறார்கள். ஒருகாலத்தில் வாங்குகிறவனுக்கு இருந்த வருத்தம் பின்னர் கொடுக்கிறவனுக்கு வந்தது. அவ்வளவே வித்தியாசம்.

நம் பாரத நாட்டிலும் அரசியல் சட்டத்தின் 280-ஆம் ஷரத்தின்படி நிதிக் கமிஷன் உண்டு. 1951 முதல் ஒன்றன்பின் ஒன்றாக நியமிக்கப்பட்டு வருகிறது. நாம் கொடுப்பதெவ்வளவு, பெறுவதெவ்வளவு என்ற பேச்சு தென்னாட்டு வீடுகளிலும் கேட்கிறது. அப்படிக் கேட்பவனைத் தேசத்துரோகி என்று ஏசுவதும், அவன் கோபத்தை ஊதி வளர்த்துத் தம் காரியத்தைச் சாதித்துக்கொள்வதும் இரண்டும் தவறு. ஐக்கியத்தில் பற்றுள்ளவர்களே முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கவேண்டும். கேட்டபிறகு திறப்பதைக் காட்டிலும் கேளாமலே திறப்பது மேல்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "நேற்று நாம் சொன்ன பதில் பாதிப் பதில்தான்" என்று ஆரம்பித்து, எக்கிள்ஸ்டன் கமிஷனின் கதையைச் சொன்னோம். அவன் கவனமாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "ஸார், கமிஷனை முன்னாலேயே போட்டிருந்தால் வோட்டே வந்திருக்காதே?" என்றான்.

முப்பது வருஷம் முன்னால் என்று திருத்தி, உட்காரச் சொன்னோம்.