பேரனுக்கு ஆச்சி பெயர்!

ஆண் குழந்தை பிறந்தால் தாத்தா பெயரை வைப்பது நம் வீடுகளில் வெகுநாளைய வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே அதைத்தானே சொல்கிறது? பெயரன் என்றால் பெயரைத் தாங்குகிறவன். பெண் குழந்தையானால் பெயர்த்தி, அதாவது பேத்தி. அவளுக்குப் பாட்டி பெயர். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி.யின் தகப்பனார் தீத்தாரப்ப முதலியார், டி. கே. சி.யின் புதல்வருக்கும் தீத்தாரப்பன் என்றே பெயர்.

கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையாக ஆண் குழந்தைகளாகவே பிறந்துவிட்டால்? தாத்தாவின் பெயர், அவர் மகனுடைய இனிஷியலாகவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிய பாட்டியின் பெயரோ, அவளோடு மறைந்துவிடும்! 'எங்கள் மாமியார் பெயரைப் பையனுக்கு எப்படி வைப்பது?' என்று கேட்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நடை தென்காசிப் பக்கம் வரட்டும்.

கோவிலே வழி காட்டும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் அம்பாளின் பெயர் கோமதி. அந்தப் பக்கத்து வீதியில் நின்று "கோமதிநாயகம்!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள், நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆச்சி கோமதியம்மாள் என்றால், அவள் பெயர் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் பேரன் பெயரில் உட்கார்ந்துகொள்கிறது.

"கோமதியின் நாயகன் என்றால் அந்தப் பட்டம் எனக்கல்லவா சேர வேண்டும்?" என்று தாத்தா குறும்பாகக் கேட்கலாம். கேட்கட்டும்! அம்பாள் ஆடி மாதத்தில் தவம் இருந்ததால்தான் சிவனும் திருமாலும் ஒரே உருவில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள் என்பது அந்தத் தலத்தின் கதை. ஆடித் தபசு அங்கே பெரிய திருவிழா. அம்பாளின் பெயர் முன்னால் நிற்பதில் என்ன அதிசயம்?

திருநெல்வேலி காந்திமதிக்குக் காந்திமதிநாதன். மதுரை மீனாட்சிக்கு மீனாட்சிசுந்தரம், உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவானின் பெயரும் இதுவே. தென்காசிக் காசி விசுவநாதர் கோவிலில் அம்பாள் உலகம்மன். ஆச்சி உலகம்மாளானால் பேரன் உலகநாதன்.

குற்றாலத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே அம்பாள் குழல்வாய்மொழி. என்ன அழகான பெயர்! அதைப் பையனுக்கு அப்படியே வைக்க முடியாது. ஆனால் வடமொழியில் அவளுக்கு வேணுவாக்குவாதினி என்றும் பெயர் உண்டு. வேணு என்றால் புல்லாங்குழல். ஆகவே பேரன் வேணு, அல்லது வேணுகோபால்!

கடைசி எழுத்தை மாற்றினால் போதும்

கோவில் பெயர் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தென்காசிக்கு அருகே உள்ள கடையம், மகாகவி பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். செல்லம்மாள் என்ற பெயரின் கடைசியை மாற்றுங்கள்: செல்லப்பா, செல்லையா. அதே போல முத்தம்மாள் முத்தையா, ஆவுடையம்மாள் ஆவுடையப்பன், வள்ளியம்மாள் வள்ளிநாயகம், இசக்கியம்மாள் இசக்கிமுத்து.

"இதெல்லாம் பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் பையனைக் கேலி செய்வார்கள்" என்று இளம் தாய் முகம் சுளித்தால், அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெயரைச் சுமக்கப் போகிறவன் குழந்தை அல்லவா? கோமதியிலும் காந்திமதியிலும் உள்ள 'மதி'யை எடுத்து மதிமாறன், மதியழகன் என்று வைக்கலாமே! ஆனால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "கோ வருகிறதே, ஆச்சி பெயர்தான்" என்று சமாதானம் சொல்வது மட்டும் வேண்டாம். ஆச்சியின் காதில் அது விழாது.

மாமியார் பெயரைச் சொல்லி அதட்டலாமா?

கணவன் பெயரையும் மாமனார் மாமியார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில் இது பெரிய சங்கடம். பையன் சேட்டை செய்யும்போது பெயர் சொல்லி அதட்ட முடியாது! அதனால்தான் பல வீடுகளில் தொட்டிலுக்கு ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர். இன்றும் அது நல்ல ஏற்பாடே. வீட்டில் 'ராசா'வாக இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கோமதிநாயகமாக இருக்கட்டும்.

ஆண்மகன் பெண்ணின் பெயரைத் தாங்குவது குறைவு என்று யாராவது முணுமுணுத்தால், அவருக்கு நாசிக் குகைகளைப் பற்றிச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை ஆண்ட சாதவாகன மன்னன் கௌதமீபுத்திர சாதகர்ணி. கௌதமியின் மகன் என்பதே அவன் பெயர். அந்தக் கௌதமி பாலஸ்ரீ, பேரன் புலுமாவியின் 19-ஆவது ஆட்சியாண்டில் ஒரு குகையைத் துறவிகளுக்குத் தானம் செய்து, கல்வெட்டும் பொறித்து வைத்தாள். பேரனும் தாயின் பெயரைத் தாங்கிய வாசிஷ்டீபுத்திரனே. அரசர்களுக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

அவசரம் வேண்டாம்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயரை அப்போதே எழுதியாக வேண்டும் என்பதில்லை. ஓராண்டு வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஆகையால் இரு வீட்டாரும் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். பிள்ளையைப் பெற்றவளின் தாயாருக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அப்போது மறந்துவிடாதீர்கள்!

ஆச்சி இருக்கிறாள் என்றால் முதலில் அவளையே கேளுங்கள். "என் பேரு எதுக்கு?" என்று வெட்கப்படுவாள், மறுநாள் பக்கத்து வீட்டில் அதை அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். ஆச்சி இல்லையென்றால், பையனுக்கு விவரம் தெரிந்ததும், அந்தப் பெயர் யாருடையது, அவள் எப்படி இருந்தாள், என்ன சமைத்தாள், எதற்குச் சிரித்தாள் என்று சொல்லிக் கொடுங்கள். பெயரோடு அந்தக் கதையும் சேர்ந்தால்தான் அவன் உண்மையில் பேரன்.